அர்ச்சனாவின் கரும்புத் தொட்டில்

செலியமேட்டு வீரமணிக்கு மகள் அர்ச்சனா என்றால் உயிர். அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவளைத் தரையில் கால் வைக்க விட்டதில்லை மனுஷன். பாத்ரூமுக்கும் தூக்கிப்போவார், வாசலுக்கும் தூக்கிவருவார். பள்ளிக்கூடத்துக் கோகோ ஆட்டத்தில் பெரிய வகுப்புப் பெண்களையே மூச்சு வாங்க வைத்தவள் அவள்! பொத்திப் பொத்தி வைத்ததில் கால்கள் குச்சியாகிவிட்டன. அர்ச்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறிக்கொண்டிருந்த நாட்களிலேயே பிசியோதெரபிஸ்ட் ஆரோக்கியசெல்வி அவளைக் கட்டிலோரம் எழுப்பி நிறுத்தினார். "சும்மா படுக்கப் போடாதீங்க சார். காய்ச்சல் அடிச்சாலோ, ரத்த அணு கொறைஞ்சாலோ எங்களக் கேளுங்க. மத்த நாள்ல கொஞ்சமாவது நடக்கட்டும்" என்று வீரமணியிடம் சொன்னார். அவரும் நன்றாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் பாயைத்தான் விரித்தார்.

அப்புறம் என்ன, திருட்டுத்தனம்தான். அப்பா கரும்புக் கொல்லைக்குப் போன கையோடு அர்ச்சனா அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவாள். அம்மா வாசலில் கீரை ஆய்கிற சாக்கில் காவல் இருப்பாள். சில நாள் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆத்திரத்தில் தரையில் உட்கார்ந்து அழுவாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுவாள்.

ஒருநாள் அத்தை தையலம்மாள் கண்ணில் பட்டுவிட்டது. "அலுங்காம இருக்கவேண்டிய ஒடம்புடி இது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா எங்கண்ணன் தாங்குமா?"

"படுத்துக்கினே இருந்தா மட்டும் ஒண்ணும் ஆவாதா அத்தை?"

அத்தை தலையிலடித்துக்கொண்டு வெளியே போனாள்.

ஒருவழியாகச் சிகிச்சை முடிந்தது. இனி மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீரமணி தன் வேண்டுதலை வெளியே சொன்னார். கரும்புத் தொட்டில்! வரம் கேட்டுப் பெற்ற கைக்குழந்தையை, கரும்புகளைச் சேர்த்துக் கட்டி மஞ்சள் புடவையைத் தொங்கவிட்டு, அதில் கிடத்திக் கோயிலைச் சுற்றுவார்களே, அது. மகள் பிழைத்தால் அப்படித் தூக்கி வருகிறேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டாராம். பதினான்கு வயதுப் பெண்ணின் கனம் தாங்கவேண்டுமே என்று சொந்தக் கொல்லையிலேயே தடித்த கரும்பாகப் பார்த்து வெட்டிக் கட்டினார்.

"நான் ஏறமாட்டேன்."

"சாமி குத்தமாயிடும்டி."

"செத்த பொணத்தத்தான் ஊரு கூடித் தூக்கும். நான் இன்னா செத்தா பூட்டேன்?"

வீரமணி முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் வேண்டுதலை விடவில்லை.

திருவிழா அன்று சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டது. வீரமணி கரும்பின் முன்பக்கத்தைத் தோளில் வைத்தார். பின்பக்கத்தைப் பிடிக்க மாமன் வந்தார். அதற்குள் அர்ச்சனா புடவையைத் தாண்டிப் போய்ப் பின்பக்கத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"தொட்டில் காலியாப் போவக் கூடாதும்மா" என்றார் பூசாரி செல்லப்பன்.

"அப்ப பூசணிக்கா ஒண்ணு வைங்க. பொழச்சவ நான், நானே தூக்கியாறேன். அம்மனுக்குக் கண்ணு தெரியும்."

பூசாரி சிரித்துவிட்டார். பூசணிக்காயும் ஏறிற்று.

முதல் சுற்று முழுக்க அத்தையின் புலம்பல்தான். இரண்டாம் சுற்றில் அர்ச்சனாவுக்குப் பாதம் இழுத்தது, மூச்சு வாங்கியது. நின்றாள். மாமன் ஓடிவந்து கரும்பைப் பிடித்தார்.

"கைய எடு மாமா. மூச்சு வாங்கிக்கினு வரேன்."

மாமன் கையை எடுத்தார். அவள் வேண்டிய மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நடந்தாள்.

மூன்றாம் சுற்று கோயிலின் பின்புறம் திரும்பியது. முன்னால் போய்க்கொண்டிருந்த வீரமணியின் தோள் குலுங்கியது. அழுகை தாங்காமல் மனுஷன் குனிந்துகொண்டே போக, தொட்டில் தரையைத் தொடப் பார்த்தது.

"யப்பா, ஒன் பக்கம் தாழுது. தூக்கிப் புடி" என்றாள் அர்ச்சனா.