பிளாஸ்க் முத்துலட்சுமி

போன வாரம் விருதுநகரில் ஒரு கல்லூரியில் எனக்குப் பாராட்டு விழா. ரிட்டயர் ஆன விஞ்ஞானிகளுக்கு இது ஒரு சீசன் போலிருக்கிறது... யாராவது கூப்பிட்டு சால்வை போர்த்திவிடுகிறார்கள்.

அறிமுகம் செய்த பேராசிரியர் என் பயோடேட்டாவை மூச்சுவிடாமல் வாசித்தார். செடிகளைத் தாக்கும் வைரஸ், அப்புறம் மாலிக்யூலர் பயாலஜி, கட்டுரைகள், வெளிநாடுகள்... கேட்கக் கேட்க எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. பட்டுச்சேலை கசகசத்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

விழா முடிந்து ஸ்டாஃப் ரூமில் தனியாக இருந்தபோது, கேன்டீனிலிருந்து ஒரு அம்மா டீ கொண்டுவந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். டீயை வைத்துவிட்டுப் போகாமல் என் முகத்தையே பார்த்தார்.

“டீச்சர்... என்னயத் தெரியுதா?”

எங்கள் பக்கத்தில் படித்த பெண் என்றால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். விஞ்ஞானி என்று ஒரு வேலை இருப்பதை யாரும் சுலபத்தில் ஒப்புக்கொள்வதில்லை.

தெரியவில்லையே என்றேன். அவர் வலது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே வெளுத்துப்போன ஒரு தழும்பு.

“ஒங்க பிளாஸ்க்க தண்ணித் தொட்டியில தூக்கிப் போட்டவ நான்தான். முத்துலட்சுமி.”

ஐயோ! கையில் எடுத்த டீ கப்பை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன்.

அப்போது நான் பிஎச்.டி. மாணவி. உளுந்துச் செடியில் மஞ்சள் தேமல் என்று ஒரு நோய் வரும். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். ஒரு செடியில் ஆரம்பித்தால் மொத்தக் காடும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகிவிடும். காய் பிடிக்காது. விவசாயி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

வெம்பக்கோட்டைப் பக்கம் கணபதி அண்ணாச்சி என்று ஒருவரின் மானாவாரி நிலத்தில்தான் என் ஆராய்ச்சி. எட்டு மாசமாக அலைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பார்த்தால்... காடே மஞ்சள், நடுவில் ஒரே ஒரு செடி பச்சைப் பசேல்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. நோய் தாக்காத செடி! இதன் இலையில் இருக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தால் போதும். எதிர்ப்புசக்தி தரும் ஜீன் கிடைக்கும், பட்டம் கிடைக்கும், என் பெயர் நாலு நாட்டில் தெரியும். அந்த வயதில் கனவுக்கா பஞ்சம்?

இலை வாடாமல் லேபுக்குப் போக வேண்டும். கால்நடை ஆஸ்பத்திரியில் சினை ஊசி மருந்தைப் பாதுகாக்கத் திரவ நைட்ரஜன் வைத்திருப்பார்கள்; தொட்டால் தோல் பொசுங்கிப்போகும் அளவுக்குக் குளிர். கெஞ்சிக் கூத்தாடி அதில் கொஞ்சம் வாங்கி, பெரிய பிளாஸ்க் ஒன்றில் ஊற்றி, இலைகளை அதற்குள் போட்டேன். ஆவி வெளியேற வழி வேண்டும் என்பதால் அதன் மூடியை இறுக்கவும் கூடாது. அதைத் தூக்கிக்கொண்டு, சாயங்காலம், சிவகாசி போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். பின்பக்க வாசலை ஒட்டின சீட். பிளாஸ்க் காலடியில்.

பஸ்ஸில் கொண்டுபோகிற சாமானா அது? இப்போது என் மாணவி யாராவது அப்படிச் செய்தால் காதைத் திருகிவிடுவேன்.

நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி வேலை விட்ட கூட்டம் ஏறியது. கையெல்லாம் வெள்ளியாக மின்னும் அலுமினியப் பொடி, கையில் தூக்குவாளி, ஒரே சிரிப்பும் பேச்சும். பஸ் கிளம்பி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது. மூடி நகர்ந்தது. என் சீட்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை!

வேறு ஊராக இருந்தால் “என்னம்மா அது?” என்று கேட்டிருப்பார்கள். பட்டாசு ஊரில் புகையைப் பார்த்தவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். “ஏய்... புகையுது!” என்று ஒரு குரல்தான். டிரைவர் பிரேக் போட்டார். மொத்தக் கூட்டமும் முன்வாசலில் முட்டி மோதியது.

ஒரு பெண் மட்டும் பின்பக்கமாக ஓடி வந்தாள். நான் “இரு, இரு...” என்று சொல்லி முடிப்பதற்குள் பிளாஸ்க்கைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்து ஓடினாள். ரோட்டோரம் ஆடு மாடு தண்ணி குடிக்கிற சிமென்ட் தொட்டி. அதற்குள் வீசிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தாள்.

தண்ணீருக்குள் திரவ நைட்ரஜன் கொட்டினால் என்ன ஆகும்? கடகடவென்று கொதித்து, தொட்டியைச் சுற்றி ஒரே வெண்மேகம். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். எதுவும் வெடிக்கவில்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பச்சை இலைகள் வெந்த கீரை மாதிரி தொட்டியில் மிதந்தன.

அவள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். காப்பாற்றிவிட்டேன் பார் என்கிற சிரிப்பு.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

“அறிவிருக்காடீ ஒனக்கு? எட்டு மாச உழைப்பு! படிக்காத முண்டங்களோட பஸ்ல வந்தது என் தப்பு!” — அத்தனை பேர் முன்னால், தொண்டை கிழியக் கத்தினேன். அவள் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு நின்றாள். என் அம்மா நர்ஸ். பட்டாசு வெடித்து வெந்த உடம்புகளுக்கு மருந்து போட்டே காலம் தள்ளியவர். அவர் பெற்ற மகள் அந்தக் கையை ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டாஃப் ரூமில் இதெல்லாம் ஞாபகம் வந்ததும் அந்தத் தழும்பையே பார்த்தேன். முத்துலட்சுமிதான் பேசினார்.

“இருவத்தெட்டு வருசம் பட்டாசு மருந்துலயே கெடந்தேன் டீச்சர். ஒரு தீக்காயம் கெடையாது. இது ஒன்னுதான்... ஒங்க குளிர்ல வெந்தது.”

“எல்லாரும் எறங்கி ஓடுனாங்க. நீ எதுக்கும்மா அதத் தூக்கிக்கிட்டு ஓடுன?”

“வாசல்ல நெரிஞ்சுக்கிட்டு நின்னதுக அம்புட்டும் எங்க செட்டு ஆளுகல்லா? வெடிச்சா ஒருத்தி மிஞ்ச மாட்டா. யாராச்சும் ஒரு ஆளு தூக்கிட்டுப் போகணும்ல.”

சாதாரணமாகத்தான் சொன்னார். அது வெடிக்கும் என்று முழுசாக நம்பித்தான் அன்று நெஞ்சோடு அணைத்திருக்கிறார் என்பது இத்தனை வருஷம் என் மண்டையில் உறைக்கவே இல்லை. இவ்வளவு படித்து என்ன?

“அதுக்கப்புறம் கம்பெனியில என் பேரே பிளாஸ்க் முத்துலட்சுமிதான். படிச்ச பிள்ளையோட பொழப்பக் கெடுத்தவன்னு கேலி. அத விடுங்க டீச்சர்... அந்த இலை அப்பறம் கெடச்சுச்சா? மனசு கெடந்து அடிச்சுக்கிட்டே இருக்கும்.”



நடந்தது இதுதான். இலை போனதால் அடுத்த வாரம் மறுபடி கணபதி அண்ணாச்சி நிலத்துக்குப் போனேன். அந்தப் பச்சைச் செடியும் மஞ்சளாகி நின்றது. அதற்கு எதிர்ப்புசக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மற்ற செடிகளைவிடப் பிந்தி நோய் வந்திருக்கிறது, அவ்வளவுதான்! முத்துலட்சுமி மட்டும் அந்த பிளாஸ்க்கைத் தூக்கிப் போடாமல் இருந்திருந்தால், நான் திரும்பிப் போயிருக்கவே மாட்டேன். இல்லாத ஜீனைத் தேடி வருஷக்கணக்கில் திண்டாடியிருப்பேன். அதைக் கைவிட்டு வைரஸின் டி.என்.ஏ.வைப் படிக்கப் போனேன். விழாவில் போர்த்திய சால்வை வரைக்கும் அதில் வந்ததுதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிரு முத்துலட்சுமி” என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“அடுத்த வாரமே தெரிஞ்சுபோச்சா ஒங்களுக்கு? நான் அதே பஸ்லதான டீச்சர் வந்துக்கிட்டிருந்தேன்?”

ஒரு நாள் அந்த பஸ்ஸில் ஏறிச் சொல்லியிருக்கலாம்; எனக்குத் தோன்றவே இல்லை.

ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு, “வேற போட்டுக் கொண்டாரேன்” என்று கிளம்பியவர் வாசலில் நின்றார். முகத்தில் ஒரு குறும்பு.

“அன்னைக்கு வஞ்சது ஊரு பூரா கேட்டுச்சு. இன்னைக்குச் சொன்னது இந்த ரூமுக்குள்ளதான... வாராவாரம் புஸ்தகத்துல எழுதுறீகளாம்ல?”

எழுதிவிட்டேன். நாரணாபுரத்துக்காரர்கள் எல்லோரும் கேளுங்கள். முத்துலட்சுமி யார் பிழைப்பையும் கெடுக்கவில்லை. அன்று அந்த ரோட்டில் அறிவில்லாமல் நின்றவள் நான் ஒருத்திதான்.

கேட்டுச்சா, முத்துலட்சுமி?