சாவியைத் தின்ற பூட்டு

உஷாராணிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஜனக்புரியில் அவள் பிளாக் முழுக்கத் தெரியும். காய்கறிக்காரர் முதல் சொசைட்டி செயலாளர் வரை யாரும் தப்பியதில்லை. ஆனால் அந்த மாதம் வந்தது அந்த வகைக் கோபம் இல்லை.

அவள் வேலை பார்த்த சின்ன மென்பொருள் நிறுவனம், ரகசியக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் பெட்டகம் ஒன்றைச் செய்திருந்தது. எழுதியவர் முதலாளி கௌதமன். ஐகானைத் தட்டினால் கமாண்ட் தானாக ஓடும். கறுப்புத் திரை வந்து பாஸ்வேர்ட் கேட்கும். தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. ஐந்து முறை தவறினால் பெட்டகம் தன் சாவியையே அழித்துக்கொள்ளும். அப்புறம் பிரம்மா வந்தாலும் திறக்க முடியாது. திருடனுக்கு வைத்த ஆப்பு என்று கௌதமன் மீட்டிங்குக்கு மீட்டிங் பீற்றிக்கொள்வார்.

ஆப்பு வாங்கியது திருடன் இல்லை, வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கம். வீராயியை அவள் வேலை செய்த வீட்டுக்காரர் அறையில் அடைத்து மிரட்டியபோது அவள் போனில் பதிவு செய்திருந்தாள். இருந்த ஆதாரம் அது ஒன்றுதான். போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, பதிவைச் சங்கத்து லேப்டாப்பில் பெட்டகத்துக்குள் வைத்துவிட்டு போனிலிருந்து அழித்தாள். பாஸ்வேர்ட் தெரிந்தவள் சங்கத்தில் டைப் அடிக்கும் ராஜலக்ஷ்மி மட்டுமே. விசாரணை நாளன்று அவள் ஐந்து முறை தட்டினாள். ஐந்து முறையும் ‘தவறு’. பதிவு போயே போய்விட்டது. அந்த வீட்டில் காசு வாங்கிக்கொண்டு ராஜலக்ஷ்மியே அழித்துவிட்டாள் என்று வீராயி குடிசைப் பகுதி முழுக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு தண்ணீர் லாரி வரிசையில்கூட ராஜலக்ஷ்மியோடு யாரும் பேசவில்லை.

புகார் வந்ததும் உஷாராணி நேரில் போனாள்.

“அன்னிக்கு செஞ்ச மாதிரியே மொதல்லேர்ந்து செய்ங்க. பாஸ்வேர்ட மட்டும் இங்க தட்டுங்க” என்று ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து கொடுத்தாள்.

ராஜலக்ஷ்மி அன்றைக்குப் போலவே முதலில் சங்கத்து நோட்டீஸைத் தமிழில் அடித்தாள். பிறகு பாஸ்வேர்டைத் தட்டினாள். கோப்பில் தமிழ் எழுத்துகள் வந்து விழுந்தன. பாஸ்வேர்ட் ஆங்கிலத்தில் வைத்தது; கீபோர்டோ அன்றைக்குத் தமிழிலேயே இருந்திருக்கிறது. அவள் விரல்கள் ஐந்து முறையும் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கின்றன. அதைச் சொல்ல அந்தப் பாழாய்ப்போன திரைக்கு வாய் இல்லை.

“யூஸர் மிஸ்டேக். கீபோர்ட மாத்தாதது அவங்க தப்பு, உஷா” என்றார் கௌதமன், ஆபீஸில் அவள் சொன்னதும்.

உஷாராணி யாரையும் கேட்காமல் நிரலைத் திருத்தி எழுதினாள். தட்டத் தட்டப் புள்ளி விழுந்தது. கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்று மேலேயே தெரிந்தது. தவறினால் காத்திருக்கச் சொல்லும். சாவியில் கை வைக்காது. கௌதமன் பார்த்துவிட்டு, ‘சிறு மேம்பாடுகள்’ என்று அறிவித்தால் போதும் என்றார்.

“ஒரு பொம்பளைய திருடியாக்கிட்டு, சிறு மேம்பாடா? உங்க பழைய பெட்டகத்த நீங்களே சங்கத்து லேப்டாப்ல தெறந்து பாருங்க. அங்க நான் வாயே தெறக்க மாட்டேன்.”

“அச்சா, வரேன்” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அறை நிறைந்திருந்தது. வீராயியும் வந்து வாசலில் நின்றாள். கௌதமன் தன் பெட்டகத்தைக் கொண்டுவந்திருந்தார்; பாஸ்வேர்டும் அவரே வைத்தது. ராஜலக்ஷ்மி நோட்டீஸை அடித்து முடித்து எழுந்து இடம்விட்டாள். கீபோர்டு இன்னும் தமிழில் நிற்பதைக் கவனிக்காமலே அவர் உட்கார்ந்து தட்டினார். தவறு. மறுபடி தவறு. காதுமடல் சிவக்க, ஒவ்வொரு விசையாக அழுத்தி அழுத்தித் தட்டினார். ஐந்தாவது முறை முடிந்ததும் சாவி அழிந்தது.

“நான் சரியாத்தான் போட்டேன்” என்றார்.

“இவளும் அதேதான் சொன்னா” என்றாள் வீராயி. ராஜலக்ஷ்மியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “நீ யாருகிட்ட காசு வாங்குன, தம்பி?”

கௌதமன் உஷாராணியைப் பார்த்தார். அவள் சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக ராஜலக்ஷ்மி பதில் சொல்லி மாளாத கேள்வி அது. அவரும் கொஞ்சம் சொல்லிப் பார்க்கட்டும்.