ஒன்றாம் நம்பர் வெளிச்சம்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் நான் கத்தின கத்தலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே அவமானமாக இருக்கிறது.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை. அதன் மேல் பழைய கம்ப்யூட்டர், சால்டரிங் அயர்ன், ஒரு பூதக்கண்ணாடி. டார்ச் லைட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் போர்டில் கம்பெனிக்காரன் போட்டு வைத்த புரோகிராமை அழித்துவிட்டு, கேட்கிறவருக்கு வேண்டிய மாதிரி வேறு புரோகிராம் ஏற்றித் தருவதுதான் என் வேலை. போர்டு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் இருக்கும். அதில் எட்டுக் காலோடு ஒரு சிப். பட்டனை அழுத்தினால் எவ்வளவு வெளிச்சம், அழுத்திப் பிடித்தால் எவ்வளவு, சூடேறினால் எப்போது குறைய வேண்டும், எல்லாக் கணக்கும் அதற்குள்தான். அதன் தலையில் ஒரு கிளிப்பைக் கவ்வவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு வரி அடித்தால் பழையது போய்ப் புதியது ஏறிவிடும். எட்டில் ஒரு கால் சரியாகப் படாவிட்டாலும் ஏறாது. உயிரை வாங்கும்.

இதை நான் கற்றுக்கொண்டதே என் வீட்டுக்காரரால்தான். அவர் தனியார் பஸ் டிரைவர், கடலூர் ரூட். காலையில் இரண்டு நடை ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுத் தூங்குவார். சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டியை எடுத்துக் கடலூர் போய்த் திரும்பினால் எட்டரை ஆகும். டயர் பார்க்க, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வர, பையில் ஒரு டார்ச் வைத்திருப்பார். இரண்டு வருஷமாக அந்த டார்ச்சின் மேல் ஓயாத புகார்.

"என்னாடி இது, மினுக்கு மினுக்குனு எரியுது. இன்னும் ஜாஸ்தி வைக்க முடியாதா?"

பேட்டரி மாற்றினேன். பல்பை மாற்றினேன். ஸ்விட்சைப் பிரித்துத் துடைத்தேன். மங்கலாகத்தான் இருக்கிறது என்றார். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுச் சும்மா இருந்தவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்து, இரண்டு போர்டைக் கருக்கி, மூன்றாவதில் புரோகிராம் ஏற்றப் பழகினேன். சூடேறினால் வெளிச்சம் குறையும் எல்லையைக்கூடத் தளர்த்தி வைத்தேன். கையில் பிடிக்க முடியாமல் கொதிக்கும். தெருக்கோடி வரைக்கும் பளீரென்று அடிக்கும். "இப்ப கொஞ்சம் தேவல" என்பார். கொஞ்சம் தேவலையாம்! இந்த மனுஷனுக்கு எதைச் செய்தாலும் திருப்தி கிடையாது என்று திட்டிக்கொண்டே இருந்தேன். அவர் புண்ணியத்தில் வேலை கைவந்தது. கேள்விப்பட்டவர்கள் புவனகிரியிலிருந்தெல்லாம் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்று கையில் இருந்தது நேர் எதிரான வேலை. கிள்ளையில் நண்டு பிடிக்கிறவர் ஒருவர், தலையில் மாட்டும் லைட்டைக் கொடுத்திருந்தார். "இருக்குறதுலயே கம்மியா ஒரு வெளிச்சம் வச்சுக் குடும்மா. வலையப் பிரிக்கிற அளவுக்கு இருந்தாப் போதும், சார்ஜு விடியிற வரைக்கும் நிக்கணும்" என்று கேட்டிருந்தார். என் புரோகிராமில் வெளிச்சம் மொத்தம் நூற்றைம்பது படி. ஒன்றாம் நம்பர்தான் எல்லாவற்றுக்கும் கீழே. சில போர்டில் அது எரியவே எரியாது. இருட்டில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத அறை, அரிசி மூட்டையும் காலி சிலிண்டரும் கிடக்கிற ஸ்டோர் ரூம் ஒன்றுதான். கதவைச் சாத்தினால் பகலிலும் கும்மிருட்டு.

மணி நாலு. அவர் தூங்கி எழுந்து டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் நானே பார்த்து முடிவு செய்துவிடுவேன். அன்று எனக்குச் சளி, கண்ணெல்லாம் நீர் கோத்துக்கொண்டிருந்தது.

"மாமா, இங்க கொஞ்சம் வந்து நில்லுங்க. வெளிச்சம் தெரியுதான்னு மட்டும் சொல்லணும்."

வந்தார். கதவைச் சாத்தினேன். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு ஒன்றாம் நம்பரைப் போட்டேன். சளிக்கண்ணிலும் எனக்கு அரிசி மூட்டையின் தையல் தெரிந்தது.

"ம், போடு" என்றார்.

"போட்டாச்சு மாமா."

"எங்க போட்ட? இருட்டாத்தான் இருக்குது."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஐந்து. "போடு, போடு" என்றார். பத்து. "என்னாடி, வேலை செய்யலியா?" எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "அவரு ராத்திரி பூரா தண்ணில நிக்கிற மனுஷன், அவருக்குக் குடுக்குற லைட்டு இது. கிண்டல் பண்றதுக்கு வேற நேரமே கெடைக்கலியா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கிண்டல் பண்ணுகிறவர் பதிலுக்கு ஏதாவது சொல்வார். சரி, என் கண்தான் சளியில் ஏமாற்றுகிறது போலிருக்கிறது என்று வெளியே வந்து, போர்டைக் கழற்றி, புரோகிராமை அழித்து மறுபடி ஏற்றினேன். கம்ப்யூட்டர் சரியாக ஏறியது என்றது. மறுபடி உள்ளே போனோம். ஒன்று, ஐந்து, பத்து, இருபது. "இல்ல" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா கொத்தமல்லி கேட்டு வந்தார். அவரையும் இழுத்து ஸ்டோர் ரூமுக்குள் விட்டேன். ஒன்றாம் நம்பரைப் போட்டேன்.

"அய்ய, எவ்ளோ நல்லா இருக்குது! அரிசி மூட்டைல போட்டிருக்கிற பொம்மையே தெரியுதே" என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார். "எங்க?" என்று கேட்டுக் கையை முன்னால் நீட்டித் துழாவினார். ஒரு அடி எடுத்து வைத்தவர், காலுக்கு நேரே கிடந்த சிலிண்டரில் இடித்துக்கொண்டு விழப்போனார். அந்த வெளிச்சத்தில் சிலிண்டர் எனக்கும் அக்காவுக்கும் நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தது.

நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அக்கா கொத்தமல்லியை மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஒவ்வொரு நம்பராக ஏற்றினேன். அறுபத்தெட்டில் "ஆங், இப்பத் தெரியுது" என்றார். அறுபத்தெட்டு என்பது எனக்குக் கண் கூசுகிற வெளிச்சம். அதிலும் நேராக விழுந்த இடம் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் என் கையை ஆட்டினேன். அவர் திரும்பவே இல்லை.

கதவைத் திறந்தேன்.

"எத்தினி நாளா மாமா?"

"ரெண்டு வருசம் இருக்கும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "பகல்ல ஒண்ணும் இல்லடி. பொழுது சாஞ்சாத்தான்."

"பொழுது சாஞ்சுதானே ஓட்டிக்கிட்டு வரீங்க!"

"ஹெட்லைட்டு இருக்குதுல்ல. லைட்டு விழற எடம் தெரியும். ஓரம்தான் தெரியாது."

அட பாவி மனுஷா! ஓரத்தில்தானே ஜனங்கள் நடக்கிறார்கள். ஆலப்பாக்கத்தில், புதுச்சத்திரத்தில், பி.முட்லூரில், ரோட்டோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், மாட்டை ஓட்டிப் போகிறவர்கள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக இந்த மனுஷன் வெளிச்சம் போதவில்லை போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் டார்ச்சைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாளாவது கண்ணைப் பார்த்தேனா?

"இன்னிக்குப் போவக் கூடாது" என்றேன்.

"இன்னிக்கு ஒரு நாளு போயிட்டு வந்துடறேன். திடீர்னு சொன்னா ஆளு எங்க கெடைக்கும்? நாளைக்கு டாக்டருகிட்டப் போவலாம்." சொல்லிக்கொண்டே காக்கிச் சட்டையை மாட்டினார்.

"போனீங்கன்னா பஸ்ஸுக்கு முன்னாடி வந்து படுத்துக்குவேன்."

"டிரைவர் வேலைய விட்டா எனக்கு என்னாடி தெரியும்? இருவத்திரெண்டு வயசுல புடிச்ச ஸ்டியரிங்கு. வீட்ல உக்காந்து உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்று அவரும் கத்தினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

அப்போது அவர் போன் அடித்தது. மேசை மேல் இருந்ததை நான் பாய்ந்து எடுத்தேன். கண்டக்டர். அவரைவிட மூத்தவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"டைம் ஆவுது தங்கச்சி, டிரைவரு கெளம்பிட்டாரா?"

"அவரு வர மாட்டாருண்ணே. இருட்டுல அவருக்குக் கண்ணு தெரியல" என்றேன்.

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே கண்டக்டர் குரலைத் தணித்துக் கேட்டார்.

"உனக்கு இப்பத்தான் தெரியுமா?"

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாத தங்கச்சி, நான் பக்கத்துலயே நிக்கிறேன்ல. எடதுல ஆளு, எடதுல வண்டி, சொல்லிக்கிட்டேதான் வருவேன். ஒரு கீறல் இல்லாம ஓட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

போன மாசம் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் அந்த பஸ்ஸில்தான் வந்தேன். முன் சீட்டு, மடியில் என் தங்கை குழந்தை தூக்கம். கண்டக்டர் வழியெல்லாம் அவர் காதோரம் நின்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "டிக்கெட்டு போடாம அப்படி என்னா கதை" என்று நான் கிண்டல் பண்ணினேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். பஸ் நிறைய ஜனம். எத்தனை பேர் பிழைத்தோம்! இரண்டு பேர் சிரித்துக்கொண்டே எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

ஸ்பீக்கரில் இல்லாவிட்டாலும் அவருக்குக் கேட்டிருக்கும் போலிருக்கிறது. கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"அண்ணே, வண்டிய நிறுத்திடு" என்றார். "மொதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

முதலாளியைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "மொதலாளி, எனக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியல. வண்டி எடுக்க மாட்டேன்." கண்ணு தெரியல என்ற வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொல்லி அப்போதுதான் நான் கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி எனக்கும் கேட்டது. "காலை நடையாவது வருவியா?"

அவர் என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன். டாக்டர் பார்க்காமல் பகலையும் இனி நான் நம்புவதாக இல்லை.

"இல்ல மொதலாளி" என்றார்.

போனை வைத்துவிட்டு, காக்கிச் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நீயே வச்சுக்கடி. எங்கிட்ட இருந்தா நாளைக்குப் போயிடுவேன்."