தம்பி எனக்குக் கட்டி வைத்த வீடு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு இணைய மையத்தில் எனக்கு வேலை. பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று எது கேட்டு வந்தாலும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது "ஓடிபி வந்துச்சா? நம்பரச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன். நரிக்குடிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, போனை வீட்டில் வைத்துவிட்டேன் என்று நிற்பவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியும் இருக்கிறேன். "போனு இல்லாம எதுக்கு வந்தீக? என் மூஞ்சியப் பாக்கவா?" அப்படிப்பட்டவள் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பி நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தான். என்னைவிட நாலு வயது சின்னவன். மதுரைக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்து முன்னறையில் வைத்தான், கேம் விளையாட. "பொண்ணு பாக்குற வயசுல வெளையாட்டு கேக்குதாக்கும்" என்றேன். சிரித்தான். என்ன சொன்னாலும் சிரிப்பான், அதுதான் எனக்கு எரிச்சல்.

இப்போதெல்லாம் கேமை யாரும் கடைக்குப் போய் சிடி வாங்கிப் போடுவதில்லையாம். அதற்கென்று நெட்டிலேயே கடைகள் இருக்கின்றன. அதில் கணக்குத் தொடங்குவது சும்மா. நண்பர்களைச் சேர்ப்பது, அவர்களோடு பேசுவது, விளையாடி நிறுத்திய இடத்தைக் கடைக்காரனின் கம்ப்யூட்டரில் பத்திரமாகப் போட்டு வைப்பது, எல்லாம் சும்மா. கேமுக்குத்தான் காசு. ஒரு கடையில் வியாழக்கிழமைதோறும் ஒரு கேமைச் சும்மாவே கொடுப்பார்கள். இவன் எந்த ஷிப்டில் இருந்தாலும் அதை மறக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வான். ஒன்றையும் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"ஓசியில கெடைச்சா பினாயிலக்கூடக் குடிப்பலே நீ" என்பேன்.

"இருக்கட்டும்க்கா. லீவு கெடைச்சா வெளையாடுவேன்ல" என்பான்.

அவன் காசு கொடுத்து வாங்கியது ஒரே ஒரு கேம். அதுவும் வேறொரு கடையில். விவசாயம் பண்ணுகிற கேம். எங்களுக்குத் திருச்சுழி ரோட்டை ஒட்டி மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. கருவேலம் மண்டி, உள்ளே ஆடுகூட நுழையாது. அதை ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவன், கம்ப்யூட்டரில் கல் பொறுக்கி, உழுது, விதை போட்டுக்கொண்டிருந்தான். நான் சும்மா விடுவேனா? "நெசக் காட்டுல ஒரு முள்ள வெட்டிருக்கியாடா நீ?" என்று கேட்டேன். "இதுல மழை பேயும்க்கா" என்றான்.

அந்த கேமில் இன்னொரு வசதி உண்டு. இன்னொரு ஆளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். வருகிற ஆளுக்குக் காட்டிலேயே ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். இவன் எனக்குக் கட்டிவிட்டான். எனக்கென்று அந்தக் கடையில் ஒரு கணக்கும் அவனே தொடங்கி, கேமையும் காசு கட்டிப் பரிசாக அனுப்பிவிட்டான். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு பட்டனை அமுக்குவதுதான்.

"அக்கா, பின்னால செவந்தி போட்ருக்கேன். உள்ள என்ன வச்சிருக்கேன்னு நீ வந்துதான் பாக்கணும். நான் காட்ட மாட்டேன்."

"நாள் பூரா அந்த ஸ்கிரீனத்தான் பாத்துட்டு வாரேன். வீட்லயும் அதே எழவா? நாளைக்கி வாரேன், போ."

அந்த நாளைக்கு வரவே இல்லை. அனுப்பிய பரிசை முப்பது நாளைக்குள் எடுக்காவிட்டால் கடைக்காரன் காசை அனுப்பியவனுக்கே திருப்பிவிடுவான். ஒரு நாள் சாப்பிடும்போது, "அது திரும்பி வந்துருச்சுக்கா" என்றான். "வந்தா வரட்டும், காசு மிச்சம்" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "வீட்ட இடிக்கல. எப்ப வேணும்னாலும் வா" என்றான்.

அதற்கப்புறம் இரண்டு மாதம்கூட இல்லை. காலை ஷிப்டு முடிந்து பைக்கில் வந்தவனை ஒரு லோடு லாரி அடித்துப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேலை வைக்கவில்லை. இருபத்தைந்து வயது.

கல்யாணமாகாத பிள்ளை என்றால் எங்களில் எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். செத்தவருக்குப் பிரியமான சாமானைக் கூட வைத்து அனுப்புவதும் வழக்கம். வெற்றிலைப் பெட்டியோடு போனவர்கள் உண்டு. அம்மா அழுத அழுகையில் ஒன்றும் சொல்லும் நிலையில் இல்லை. நான்தான் அவன் போனை எடுத்து சட்டைப் பையில் வைத்தேன். ஒரு கீறல்கூட விழாத போன். அப்பா மெதுவாக, "சிம்மயாச்சும் எடுத்துரு தாயி" என்றார். "புள்ளையே போயிட்டான், சிம்ம வச்சு என்ன செய்யப் போறீக?" என்று கத்தினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அப்படியே மண்ணைத் தள்ளிவிட்டார்கள்.

அடுத்த தப்பும் நான் செய்ததுதான். அம்மா தினமும் கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, அதில் அவன் வைத்திருந்த தன் படத்தின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் அழுதது. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிட்டேன். கேமைப் பற்றிப் பயமில்லை. "கம்ப்யூட்டரு எரிஞ்சு போனாலும் கடையில என் காடு பத்திரமா இருக்கும்க்கா" என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியிருந்தான். பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும்.

நாலைந்து மாதம் போனது. அம்மா கொஞ்சம் தேறி, கீரை ஆய்ந்துகொண்டே ஒரு நாள் கேட்டது: "ஒனக்கு வீடு கட்டுனான்னு சொன்னியே, அத எனக்குக் காட்டேன்."

உட்கார்ந்து பாஸ்வேர்டைப் போட்டேன். சரி என்றது. அழித்துப் புதிதாக்கிய கம்ப்யூட்டரைக் கடைக்கு அடையாளம் தெரியவில்லை போல, அடுத்து ஒரு கட்டம் வந்தது. உங்கள் போனில் தெரியும் எண்ணைப் பதியுங்கள்.

அய்யோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சிம்மென்றால் செத்த சர்டிபிகேட்டைக் காட்டி வேறு வாங்கலாம். இந்த எண் சிம்முக்கு வருவதில்லை. அந்தப் போனுக்குள்ளேயே ஒரு ஆப்பில் அரை நிமிடத்துக்கு ஒருதரம் மாறிக்கொண்டே இருக்கும் எண். அந்தப் போன் அவன் சட்டைப் பையில், மண்ணுக்கடியில். ஊருக்கே ஓடிபி கேட்கிறவள் என் கையால் வைத்தேன். தோண்டிப் பார்த்தால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்த பாவத்தை மறைக்கவில்லை.

கடைக்கு எழுதிப் போட்டேன். சர்டிபிகேட்டையும் சேர்த்து அனுப்பினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. வருந்துகிறார்களாம். கணக்கு தொடங்கியவருக்கு மட்டுமே உரியது, இன்னொருவருக்கு மாற்றித் தர வழியில்லை. காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அவர்கள் விற்பது கேமை இல்லையாம், விளையாடுகிற அனுமதியைத்தானாம். ஆள் போனால் அனுமதியும் போச்சு. "சிஸ்டம் ஏத்துக்கலம்மா" என்று நான் எத்தனை கிழவிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

அப்புறம் என் கணக்கில் நானே காசு கட்டி அந்த கேமை வாங்கினேன். அவன் கூப்பிட்டபோது ஓசியில் வந்ததுதான். உள்ளே போய் நண்பரின் காட்டில் சேர் என்பதை அமுக்கினேன். காலியாக இருந்தது. காட்டுக்காரன் வந்து திறந்தால்தான் மற்றவர்கள் உள்ளே போக முடியுமாம். நண்பர்கள் பட்டியலில் அவன் ஒருத்தன்தான் இருந்தான். கடைசியாக வந்து இத்தனை நாளாயிற்று என்று பக்கத்தில் போட்டிருந்தது.

அம்மாவிடம், "கம்ப்யூட்டரு ரிப்பேரும்மா" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அது ரிப்பேர் என்றுதான் நம்புகிறது.

அவன் பெயரை அமுக்கினால் அவன் வாங்க ஆசைப்பட்டுக் குறித்து வைத்திருந்த கேம்களின் பட்டியல் தெரிந்தது. முதலில் இருந்ததை வாங்கி அவனுக்குப் பரிசாக அனுப்பினேன். எனக்கென்ன கிறுக்கா என்று கேட்டால், ஆமாம், கிறுக்குத்தான். தினமும் காலையில் மையத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன், எடுத்திருக்கிறானா என்று. செத்தவன் எப்படி எடுப்பான்? தெரியும். தெரிந்துதான் பார்த்தேன். முப்பது நாள் கழித்து, பெறுபவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று காசு திரும்பி வந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவனும் ஷிப்டு முடிந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, முப்பது நாளும் இதேபோல் பார்த்திருப்பான், அக்கா எடுத்திருக்கிறாளா என்று. அடுத்த அறையில் நான் உயிரோடுதான் இருந்தேன்.