பாத்துக்கலாமுங்க என்னும் சொல்

எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைக் கண்டவன் அல்லன் நான். மோட்டார் பம்பு செய்யும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்டோர்ஸ் பொறுப்பைக் கவனித்தேன். எந்தத் தட்டில் எந்த அளவு பேரிங் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருந்தும், இல்லாத சாமானைக் கேட்டு ஒரு ஃபிட்டர் வந்து நின்றால் இல்லை என்று நான் சொன்னதே கிடையாது. "பாத்துக்கலாமுங்க" என்பேன். அவரும் அதன் பொருளை அறிந்து, வேறு வழி தேடிப் போய்விடுவார். ஒருவரை முகத்துக்கு நேரே மறுப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. ஆகவே மறுப்பதற்கென்றே நாங்கள் வைத்திருக்கும் சொல் அது. இத்தனையும் அறிந்திருந்த நான் அச்சொல்லிடமே ஏமாந்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்திருந்தாள். கணிதம் படித்து ஆசிரியையாக வேண்டும் என்பது அவள் விருப்பம். அரசுக் கல்லூரிக்கான விண்ணப்பத்தைக்கூடத் தன் கையாலேயே நிரப்பி வைத்திருந்தாள். அந்த வாரத்தில் ஒருநாள் முதலாளி ஸ்டோர்ஸ் பக்கம் வந்தார். தொழிலாளி எவரையும் ஒருமையில் அழைத்தறியாத மனிதர்.

"ஏனுங்க, பொண்ணு பாஸாயிருச்சாமா? என்ன படிக்க வைக்கறீங்க?"

"கணக்குன்னு சொல்லுதுங்க."

"கணக்கு எங்கீங்க ஓடிப்போகுது? இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்னு புதுசா ஒரு டிகிரி வந்திருக்குதுங்க. இனி காலமே அதுலதான். நம்ம கம்பெனியிலயும் கம்ப்யூட்டர் போடப் போறோம். ஸ்டோர்ஸ்காரர் பொண்ணே வந்து உக்காந்தா நமக்கும் நல்லதுதானுங்களே? முடிச்சுப்போட்டு வரட்டும். பாத்துக்கலாமுங்க."

அன்று மாலை போத்தனூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன். மகள் நான் சொன்னதை முழுதும் கேட்டாள்.

"கணக்குன்னா எந்த ஊருக்குப் போனாலும் கணக்குதானுங்கப்பா. இது என்னன்னு யாருக்குத் தெரியும்?"

"மொதலாளிக்குத் தெரியும் கண்ணு. அவரே சொல்லிப்போட்டாரு."

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "மொதலாளி சொன்னா கெணத்துலகூடக் குதிப்பீங்களாட்ட இருக்குது."

நான் கேட்கவில்லை. மறுநாளே மகளை அழைத்துக்கொண்டு அந்தப் படிப்பு இருந்த தனியார் கல்லூரிக்குப் போனேன். இதற்கும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கும் என்ன வேற்றுமை என்று அங்கிருந்த எழுத்தரிடம் வினவினேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "அது மெஷினைப் பத்திப் படிக்கறதுங்க. இது அந்த மெஷினை வெச்சுக்கிட்டு உங்க மொதலாளி என்ன பண்ணோணும்னு படிக்கறதுங்க." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதுவும் நல்ல சகுனமாகவே பட்டது. என் மகள் சிரிக்கவில்லை. கணிதத்துக்கு நிரப்பிய விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்றாண்டுகள் அவள் உக்கடம் வந்து பேருந்து மாறிக் கல்லூரிக்குப் போய்வந்தாள். இறுதியாண்டில் ஏதேனும் ஒரு நிறுவனத்துக்கு உண்மையில் பயன்படும்படி ஒரு புரோகிராம் எழுதித் தரவேண்டும் என்பது விதி. முதலாளி மகிழ்ச்சியோடு எங்கள் ஸ்டோர்ஸையே கொடுத்தார். ஒவ்வொரு தட்டிலும் சாமான் வந்ததும் போனதும் எழுதிய இருப்பு அட்டை ஒன்று தொங்கும். நான்கு மாதம் அவற்றை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் குறித்துக்கொண்டாள். எந்தச் சாமான் மழைக்காலத்தில் அதிகம் போகும், எதை மூன்று மாதம் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும் என்று என் தலைக்குள் மட்டுமே இருந்தவற்றையும் கேட்டு வாங்கினாள். என் வாழ்நாளில் நான் படித்துப் பெற்ற பட்டம் எதுவென்றால் அந்த நான்கு மாதங்கள்தாம்.

ஒருநாள் கேட்டாள்: "தேதி போடற எடத்துல வருஷத்துக்கு எத்தனை எழுத்து வெக்கட்டுங்கப்பா?"

"ரெண்டு போதும் அம்மணி. அட்டையில நான் எப்பவும் கடைசி ரெண்டுதான் எழுதறேன்."

அவள் அவ்வாறே வைத்தாள்.

புரோகிராம் ஓடியது. திரையைத் திறந்ததும் முதலில் அவள் பெயர் வரும், அதன் கீழே ஆலையின் பெயர். முதலாளி எல்லாரையும் கூட்டி அவளுக்கு ஒரு சால்வை போர்த்தினார். முதல் வகுப்பில் தேறிய செய்தியோடு இனிப்பு எடுத்துக்கொண்டு போனேன். "ரொம்பச் சந்தோசமுங்க. பாத்துக்கலாமுங்க" என்றார். அதே சொல். நான் அதே பொருளில் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்டோர்ஸின் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் சக்கரம் வைத்த புதிய நாற்காலி கிடந்தது. அதில் முதலாளியம்மாவின் அக்கா மகன் உட்கார்ந்திருந்தார். பி.காம். முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர் என்று பின்னர் அறிந்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றே பேசினார். மரியாதையில் அந்தக் குடும்பம் என்றும் குறை வைத்ததில்லை.

"ஏனுங்கண்ணா, இதைத் தொறந்தா மொதல்ல ஒரு பொண்ணு பேரு வருதே, அதை எப்படீங்க எடுக்கறது?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அது உண்மையுங்கூட. அடுத்த வாரம் யாரையோ அழைத்து வந்து எடுத்துவிட்டார்கள்.

அன்று வீட்டில் நான் முதலாளியை வைதேன். நம்பிக்கைத் துரோகம் என்றேன். நான் ஓய்ந்த பிறகு மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வராத சாமானுக்கு நீங்க ஸ்டோர்ஸ்ல என்னங்கப்பா சொல்லுவீங்க?"

என்னை ஏமாற்றியவர் ஒருவர். அவளை ஏமாற்றியவனோ நான்.

அதன்பின் அவள் வேலை கேட்டுப் போன இடங்களில், கம்ப்யூட்டர் சயன்ஸ் இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே பாதி நேரம் கழிந்ததாம். கடைசியில் காந்திபுரத்தில் மாடியறை ஒன்றில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் சொல்லித்தரச் சேர்ந்தாள். அவளோடு பள்ளியில் கணிதம் படித்த தோழி அதற்குள் ஆசிரியையாகி இருந்தாள். அதை என் மகள் ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

நான் ஓய்வு பெற்றேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முடியப்போகிறது, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் ஆண்டைத் தவறாகப் படித்து நின்றுபோகும் என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. அத்தனை ஆண்டுகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுவே முதன்முறை. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு பேசினார்.

"நம்ம புரோகிராம்ல வருஷத்துக்கு ரெண்டே எழுத்துத்தான் இருக்குதாமுங்க. சைபர் சைபர்னு வந்தா பழைய சரக்கு எது, புதுச் சரக்கு எதுன்னு அதுக்குத் தெரியாதாம். வெளியாளுக உள்ள பூந்தா ஒண்ணும் புரியலீங்கறாங்க. எழுதின கையே வந்தாத்தான் ஆகுமுங்க. பொண்ணு வந்து சரி பண்ணிப்போடட்டும். அந்த நாற்காலி குடுக்கறதெல்லாம் ஒரு விசயமுங்களா?"

மகள் கதவருகே நின்றிருந்தாள். அவரிடம் நேராகவே கேட்டாள்: "வேலைன்னு எழுதிக் குடுப்பீங்களாங்க?"

முதலாளி சிரித்தார். மனம் கோணாத, அழகான சிரிப்பு. "நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கு அம்மணி? மொதல்ல வேலை முடியட்டும். பாத்துக்கலாமுங்க."

இம்முறை அச்சொல் என் காதில் சரியாக விழுந்தது. நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்த இரண்டு எழுத்து என் கையெழுத்திலிருந்து போனது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் மெல்லத் தலையசைத்து மறுத்தாள். சொல்ல வேண்டியவன் நான்.

நாக்கின் நுனியில் முதலில் வந்து நின்றது எனக்குப் பழகிய அதே சொல்தான். அதை விழுங்கினேன்.

"முடியாதுங்க" என்றேன்.

என் வாழ்நாளில் ஒருவர் முகத்துக்கு நேரே நான் சொன்ன முதல் மறுப்பு அது. அதிலும் அந்த 'ங்க' என்னைக் கேளாமல் வந்து ஒட்டிக்கொண்டது.