செலின் மேடத்தின் பென்சில் குறிப்பு

"செலின் மேடம் போயிட்டாங்க டாக்டர்" என்று நர்ஸ் சொன்னபோது கையுறை மாட்டி, அடுத்த அறுவைக்குத் தயாராக நின்றிருந்தேன். அழக்கூட நேரமில்லை. வேலையை முடித்துவிட்டு ஸ்கேன் அறைக்குப் போய் அவருடைய நாற்காலியைப் பார்த்த பிறகுதான் உடைந்துபோனேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், விழித்திரையைப் படமெடுப்பதோடு அவர் நின்றதில்லை. அறுவைக்குப் பின் பார்வை எவ்வளவு திரும்பும் என்று படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி, மடித்துப் பின் அடித்து வைப்பார். மூன்றாம் மாதம்தான் பிரிக்க வேண்டும். "ஜோசியமா மேடம்?" என்று சீண்டுவேன். என்னை அவர் டாக்டர் என்று கூப்பிட்டதே இல்லை; ஐயா என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'முசியே'தான். "படம் பொய் சொல்லாது முசியே, நாமதான் அவசரப்படுவோம்" என்பார்.

கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கும் அஞ்சலைக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதில் விழித்திரையின் நடுவே துளை. நான் கைவிரித்துவிட்டேன். மேடம்தான் படத்தில் துளையின் ஓரம் வரை அறாமல் வந்த, ஒளியை உணரும் செல்களின் மெல்லிய கோட்டைக் காட்டி, "இது உயிரோட இருக்கு முசியே" என்று விடாப்பிடியாக நின்றார். அறுவை செய்தேன். அஞ்சலையும் துளை மூட வேண்டுமென்று, சொன்ன நாளெல்லாம் கவிழ்ந்தே படுத்துக் கிடந்தார்.

மூன்றாம் மாதம் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். நான் குதிக்காத குறை. மேடம் மட்டும் புதுப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "தொளை மூடிடுச்சு. கோடு இன்னும் சேரலியே, இவ்ளோ எப்படிப் படிச்சாங்க?" என்றார். பலகையை மாற்றினார். அஞ்சலை இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டார்.

"டாக்டரு மனசு நோவக்கூடாதுன்னு, முன்னாடி போனவங்க படிச்சத மனப்பாடம் பண்ணிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. மேடம் சிரித்தபடி, தான் மடித்து வைத்திருந்த பழைய படத்தைப் பிரித்தார். 'படிப்பாங்க. மெதுவா.' என்று இருந்தது. "கோடு சேந்துகிட்டு வருதும்மா. இன்னும் கொஞ்ச மாசம் பொறுத்துக்க" என்றார்.

மேடத்தின் அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் மேடத்தின் படம் போட்ட சுவரொட்டி முன்னால் அஞ்சலை நின்றிருந்தார். அடியில் இருந்த சின்ன எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி, கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத எனக்கு முன்னாடி யாரும் படிச்சுக் காட்டல டாக்டரு."

மேடத்தின் பென்சில் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. நேற்று முதல்முறையாக ஒரு படத்தின் பின்னால் எழுதினேன். மடித்துப் பின் அடித்துவிட்டேன். மூன்று மாதம் பொறுத்திருப்பேன், மேடம்.