சித்தப்பா போட்டுக்கொண்ட ஊசி

மரபணு மாற்றிய உணவு வேண்டாம் என்று இன்று பெரம்பலூர் பஸ்ஸில் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார்.

எனக்கு எண்பதுகளில் அரியலூரில் வாத்தியாராக இருந்த சித்தப்பா நினைவுக்கு வந்தார். சர்க்கரை நோயாளி. முட்டைகூடத் தொடமாட்டார்.

பாக்டீரியாவை மாற்றி அதிலிருந்து இன்சுலின் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு டாக்டரிடம் சண்டைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"கிருமியிலேர்ந்து எடுத்ததை எனக்குப் போட்டுடாதீங்க சார்."

"அது இங்க இன்னும் வரலைங்க. உங்களுக்கு இப்பப் போடறது மாட்டுலேர்ந்து எடுக்கறது."

சித்தப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"வூட்டுல சொல்லிடாதீங்க. கிருமி மருந்து வந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க."

சித்தியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அவர் இப்போது என் பதிவுகளையெல்லாம் படிக்கிறார். தயவுசெய்து உங்கள் வீட்டு ரகசியம் ஒன்றைக் கீழே எழுதுங்கள். அவர் கவனம் அங்கே போகட்டும்.